மண்வெட்டியை விற்றவன் யார்?

ஆதர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' 1949ஆம் ஆண்டு நியூயோர்க்கில் மேடையேறியது. முதலாளித்துவச் சமுதாயம் ஒரு சாதாரண மனிதனின் உழைப்பைப் பிழிந்தெடுத்துவிட்டுச் சக்கையைத் தெருவில் எறிவது எப்படி என்பதற்கு அன்று தொடக்கம் நாம் காட்டிவரும் முதல் உதாரணம் அந்த நாடகமே. அதில் வரும் வில்லி லோமன் இரண்டு பெரிய மாதிரிப் பெட்டிகளைச் சுமந்தபடி மேடைக்குள் நுழைகின்றான். நியூ இங்கிலாந்துப் பிரதேசம் அவனுடைய விற்பனை வட்டாரம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில் அலைந்து களைத்தவன். அவனுடைய வீட்டுக் கடன், மக்கள் மீது அவன் வைத்த நம்பிக்கை, அவன் சொல்லும் பொய், எல்லாம் நமக்குத் தெரியவருகின்றன. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது என்ன? நாடகம் முடியும்வரை ஒருவரும் அதைச் சொல்வதில்லை.

இது ஆசிரியரின் மறதி அன்று. வில்லி விற்றது தன்னையே என்று மில்லர் பின்னாளில் விளக்கம் தந்ததுண்டு. விளக்கம் அழகானதுதான், மாணவர்கள் விரும்பி விடைத்தாளில் எழுதுவார்கள். எனினும், பல தடவை அந்நாடகத்தைக் கற்பித்தவர்களுக்கும் கற்றவர்களுக்கும் ஒரு கேள்வி எஞ்சியிருக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமலே பெட்டி சுமப்பவன்மீது இரக்கப்படச் சொல்லும் கலை, நம்மிடமிருந்து எதையேனும் மறைக்கின்றதா? வில்லி லோமனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு அதே நியூ இங்கிலாந்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்ட விற்பனையாளரின் பெட்டிகளில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியும். கோடரி இருந்தது. மண்வெட்டி இருந்தது. அந்த மண்வெட்டியை வாங்கியவர்கள் அடிமைகளை உடைமையாக வைத்திருந்த பருத்தித் தோட்டக்காரர்கள்.

பிரவுண் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் சேத் ரொக்மன் 2024இல் வெளியிட்ட 'பிளாண்டேஷன் குட்ஸ்' என்னும் நூல் இவ்விடயத்தை விரிவாக ஆராய்கின்றது. அடிமைகள் உடுத்த முரட்டுத் துணி, அவர்களின் சப்பாத்து, தொப்பி, அவர்கள் பிடித்த மண்வெட்டி, கோடரி, இவையெல்லாம் அடிமைமுறை இல்லாத வட மாநிலங்களின் சிற்றூர்ப் பட்டறைகளிலும் ஆலைகளிலும் உருவானவை என்பதே நூலின் பொருள். அமெரிக்காவைப் பற்றிய நூலொன்றைக் கொழும்பிலிருந்து வாசிக்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்த அக்கறையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் அந்த விற்பனையாளரைச் சற்று அருகிருந்து பார்ப்போம்.

கனெக்டிகட் மாநிலத்தின் பெர்லின் ஊரில் பட்டிசன் சகோதரர்கள் 1740ஆம் ஆண்டளவில் தகரப் பாத்திரம் செய்யத் தொடங்கியதிலிருந்து, அதைச் சுமந்து ஊரூராகச் சென்ற 'யாங்கி' நடைவியாபாரியின் கதை தொடங்குகின்றது. பின்னர் கடிகாரம் வந்தது. ஈலை டெரி என்பவர் 1806இல் ஏற்ற ஓர் ஒப்பந்தத்தின்படி மூன்றாண்டுகளுக்குள் 4,000 மரக் கடிகாரங்களைச் செய்து கொடுத்தார். அவற்றையும் வண்டியில் ஏற்றிச் சென்றவர்கள் நடைவியாபாரிகளே. பிற்காலத்தில் தத்துவ ஞானியாகவும் அடிமை ஒழிப்பாளராகவும் அறியப்பட்ட புரொன்சன் அல்கொட், இளமையில், 1818 முதல் 1823 வரை, வேர்ஜீனியாவிலும் கரோலினாக்களிலும் பெட்டி சுமந்த நடைவியாபாரி என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். தோட்டக்காரரின் மாளிகைகளில் தங்கினார். அவர்களுடைய நூலகங்களில் வாசித்தார். வாசிப்பு ஒருபுறம், அடிமைக் குடிசை மறுபுறம், நடுவே தகரப் பெட்டி. ஒரு நல்ல நாவலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரும்புக் கருவிகளின் கதை இதைவிடக் கனமானது. 1826இல் கனெக்டிகட்டின் கன்டன் ஊரில் கொலின்ஸ் சகோதரர்கள் தம் உறவினர் ஒருவருடன் சேர்ந்து கோடரிப் பட்டறை தொடங்கினர். அதுவரை கோடரி வாங்கியவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே சாணை பிடிக்க வேண்டியிருந்தது. கொலின்ஸ் பட்டறை தீட்டிய கூருடன் விற்றது. அதே மாநிலத்தின் ஹிகானம் ஊரில் ஸ்கோவில் சகோதரர்கள் 1844இல் தொடங்கிய பட்டறை தென்மாநிலத் தோட்டங்களுக்குரிய மண்வெட்டியையே தன் சிறப்புச் சரக்காகக் கொண்டது. இந்தச் சந்தைக்காகப் பிர்மிங்காம் வட்டாரத்து ஆங்கிலப் பட்டறைகளோடு நியூ இங்கிலாந்துப் பட்டறைகள் போட்டியிட்டன. போட்டி இருந்தபடியால் முகவர்கள் தெற்குக்குப் போனார்கள். அவர்கள் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்தை மட்டும் வாங்கி வந்தவர்கள் அல்லர். அலகின் அகலம் எவ்வளவு வேண்டும், எடை எவ்வளவு வேண்டும், சென்ற ஆண்டு அனுப்பியது எங்கே உடைந்தது என்னும் செய்திகளையும் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். விற்பனையாளன் இங்கே ஒரு வாசகன். தோட்டத்தை வாசித்து, அந்த வாசிப்பை இரும்பாக மாற்றச் சொன்னவன்.

இந்த இடத்தில் மார்க்சிய வாசகர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு நினைவுக்கு வரவேண்டும். 'மூலதனம்' முதற் பாகத்தில், அடிமை உழைப்பைப் பற்றிக் கூறுமிடத்து, மார்க்ஸ் ஒல்ம்ஸ்டெட் என்ற அமெரிக்கரைச் சான்றுக்கு அழைக்கின்றார். நியூயோர்க் பத்திரிகையொன்றின் நிருபராகத் தெற்கில் பயணம் செய்த ஒல்ம்ஸ்டெட் 1856இல் தம் பயண நூலை வெளியிட்டார். தோட்டங்களில் தமக்குக் காட்டப்பட்ட கருவிகள் அளவுக்கு மீறிப் பாரமானவை, அவலட்சணமானவை, தம்மூரில் கூலி கொடுத்து ஆள் வைக்கும் எவனும் அத்தகைய கருவியைத் தொழிலாளியிடம் கொடுக்கமாட்டான், அந்தப் பாரத்தாலேயே வேலை பத்து சதவீதமேனும் கூடுகின்றது என்று அவர் எழுதினார். இலேசான கருவியைக் கொடுத்தால் அடிமைகள் ஒரு நாளைக்குள் உடைத்துவிடுவார்கள் என்பதே அவருக்குக் கிடைத்த விளக்கம். மார்க்ஸ் இதற்கு ஆழமானதொரு பொருளைக் கண்டார். பேசும் கருவியாக நடத்தப்படும் அடிமை, தான் கருவி அல்லன், மனிதன் என்பதை, கையிலுள்ள கருவியை மூர்க்கமாகக் கையாளுவதன் மூலம் தனக்குத்தானே உறுதிசெய்துகொள்கின்றான்.

அவ்வாறாயின் அந்த மண்வெட்டியின் பாரம் வெறும் இரும்பின் பாரம் அன்று. அது ஒரு போராட்டத்தின் பதிவு. உடைப்பவனுக்கும் உடையாததைத் தேடுபவனுக்கும் இடையே நடந்த, எழுத்தில் வராத வழக்கின் தீர்ப்பு அந்த அலகின் தடிப்பில் எழுதப்பட்டுள்ளது.

ஆனால் ஒல்ம்ஸ்டெட் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. மார்க்சும் அவர் சொன்னதை வைத்தே எழுதியபடியால் அதைக் கவனிக்கவில்லை. 'தம்மூரில்' எவனும் அத்தகைய கருவியைக் கொடுக்கமாட்டான் என்ற ஒல்ம்ஸ்டெட் பிறந்த ஊர் எது? கனெக்டிகட்டின் ஹார்ட்போர்ட். ஸ்கோவில் சகோதரரின் தோட்ட மண்வெட்டி உருவான அதே மாநிலம். தம்மூர்த் தொழிலாளியின் கையில் கொடுக்கத் தகாத கருவியைத் தம்மூர்த் தொழிலாளியின் கைதான் அடித்துச் செய்தது. சுதந்திரக் கூலியுழைப்பு ஒருபுறம், அடிமையுழைப்பு மறுபுறம் என்று அவர் இரண்டு உலகங்களைக் கண்டார். அவற்றுக்கு நடுவே ஒரு விற்பனையாளன் வண்டியோட்டிச் சென்றுகொண்டிருந்தான். அவனைக் கணக்கில் சேர்த்தால் உலகம் ஒன்றே.

உலகத் தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி நாம் மேடைகளில் பேசுவது எளிது. ஹிகானம் ஊர்க் கொல்லனின் வாரக்கூலி, மிசிசிப்பி அடிமையின் முதுகை நம்பியிருந்தது என்ற உண்மையை அந்தப் பேச்சில் எங்கே வைப்பது? அக்கொல்லன் கெட்டவன் அல்லன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அடிமைமுறைக்கு எதிரான பிரசங்கத்தை அவன் கண்கலங்கக் கேட்டிருக்கவும் கூடும். திங்கட்கிழமை அவன் அடித்தது தோட்ட மண்வெட்டி. ஒற்றுமை பிறவியிலேயே கிடைக்கும் சொத்து என்று எண்ணியவர்களுக்கு இது கசப்பான பாடம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வருவதற்குப் புதிய பாதை போட வேண்டியதில்லை. பாதை முன்பே போடப்பட்டிருக்கின்றது.

பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1ஆம் திகதி அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் நீடித்த அதன் வால் 1838இல் அறுந்தது. அடிமை உரிமையாளருக்கு இழப்பீடாக 2 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. யமேக்காவின் கோப்பித் தோட்டங்கள் வீழ்ந்த அதே ஆண்டுகளில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1837இல் இலங்கை வந்த ரொபேர்ட் பொய்ட் டைட்லர் என்பவர் கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கற்றது யமேக்காவில். 'மேற்கிந்திய முறை' இங்கே பரவியது அவர் வழியாக. இங்குள்ள தோட்டக்காரர்கள் வழிகாட்டியாகக் கொண்ட நூல், லபோரி என்பவர் சான் டொமிங்கோக் கோப்பித் தோட்டங்களைப் பற்றி எழுதி 1798இல் லண்டனில் வெளியிட்டது. சான் டொமிங்கோவில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் அது ஹெயிட்டி என்னும் சுதந்திர நாடாயிற்று. அந்தக் கிளர்ச்சிக்குப் பின் யமேக்காவில் அடைக்கலம் புகுந்த அடிமை உரிமையாளர் ஒருவரின் கைந்நூலைப் பார்த்துத்தான் நம் மலைகளில் குழி வெட்டினார்கள். குழி வெட்டியவர்கள் திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து மக்கள். ஆளும் மாறினான், சட்டமும் மாறியது, பயிர்முறையும் கருவியும் மாறவில்லை.

கருவிக்கு ஒரு புதிய பெயர் மட்டும் கிடைத்தது. அந்தப் பெயர் நம்முடையது. மண்வெட்டி என்ற சொல்லை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்ப 'மமோட்டி' ஆக்கிக்கொண்டார்கள். 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி அதைத் தனிச்சொல்லாகப் பதிவுசெய்து, தமிழ்மூலத்தையும் தருகின்றது. இலங்கை ஆங்கிலத்தில் அச்சொல் இன்றும் வழங்குகின்றது. ஆங்கில மண்ணில் உருக்கி அடித்த இரும்புக்குத் தமிழ்ப் பெயர் வைத்து விற்றார்கள். நம் மொழியின் பெருமைக்கு உதாரணமாக இதைச் சிலர் காட்டக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூலி, கங்காணி, மண்வெட்டி ஆகிய சொற்களையே வெள்ளைத் தோட்டக்காரர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டனர். தோட்டத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கக் கொழும்பில் அச்சிடப்பட்ட கைந்நூல் ஒன்றின் தலைப்பே 'இங்கே வா' என்பதாகும். திருக்குறளைத் தேடி அவர்கள் அங்கே போகவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து இறங்கிப் புறக்கோட்டைப் பக்கம் நடப்பவர்களுக்குப் பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகள் பழக்கமானவை. பிடி போடாத மண்வெட்டி அலகுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கும். வாங்க வருபவர் ஒன்றை உருவி, விரல் மூட்டால் தட்டி, ஓசையைக் கேட்பார். வூல்வர்ஹாம்ப்டன் நகரின் சில்லிங்டன் ஆலை தன் அலகுகளில் பொறித்த முதலைச் சின்னம் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் உழவர் கைகளில் ஊறிய ஒன்று. நம் நாட்டிலும் முதலை மார்க் மண்வெட்டி என்றே கேட்டு வாங்குவார்கள். எழுத்தறியாதவன் கையால் தடவிப் பார்த்தும் இனங்காணக்கூடிய முத்திரை அது. வியாபாரத்தின் நுட்பத்தை இதில் காணலாம். மக்களுக்கு எழுத்தறிவைக் கொடுக்காத ஒரு சாம்ராச்சியம், அவர்களுக்கு வாசிக்க ஒரு முதலையைக் கொடுத்தது.

இங்கே அமெரிக்காவுக்கும் இலங்கைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தெற்கே போன நியூ இங்கிலாந்து விற்பனையாளனுக்கு ஒரு முகம் இருந்தது. அவனைப் பற்றிக் கதைகள் பிறந்தன. சாதிக்காய்க்குப் பதிலாக மரத்தைச் செதுக்கி விற்றவன் என்று அவனைத் தென்மாநிலத்தார் ஏசினார்கள், சட்டம் போட்டு உரிமக் கட்டணம் வசூலித்தார்கள். இலங்கைத் தோட்டத்துக்கு மண்வெட்டி வந்த வழியில் அத்தகைய முகம் இல்லை. கோட்டையிலிருந்த ஏஜென்சிக் கம்பனி, தோட்டத்துக்கு வேண்டிய சாமான்களை ஒரு பட்டியலில் எழுதி வரவழைத்தது. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனி 1835இலேயே தோன்றிவிட்டது, மற்றவை தொடர்ந்தன. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் போகுமட்டும் மாட்டுவண்டிகள் அரிசியும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மேலே போயின, கோப்பி மூட்டையோடு இறங்கின. பிரட்டுக்களத்தில் மண்வெட்டியும், முள்ளும், கவ்வாத்துக் கத்தியும் கையில் வந்து சேரும்போது, அவை வானத்திலிருந்து விழுந்தவை போலவே தொழிலாளிக்குத் தோன்றியிருக்கும். அவன் அவற்றை வாங்கியவன் அல்லன். பாரம் கூடுதலா குறைவா என்று சொல்லும் இடம் அவனுக்கு இல்லை. கான் வெட்டும் வேலையில் குறித்த அளவு முடியாவிட்டால் அரைப்பேர். குறை அவனுடைய கையிலா, கையிலுள்ள இரும்பிலா என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் விசாரித்ததில்லை.

தொழிலாளி கண்ட வியாபாரிகள் வேறு. சம்பள நாளன்று துணிப்பொட்டணியோடு லயத்துக்கு வந்தவர், கடனுக்குச் சேலை கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வருகின்றவர், சைக்கிளில் பட்டுத்துணி கட்டிக்கொண்டு கொழும்புத் தெருக்களில் வந்த சீனர், வட்டிக்குக் கொடுத்த ஆப்கானியர், செட்டியார் தெருவின் கணக்கர். இவர்கள் எல்லோருக்கும் முகம் இருந்தது. பேச்சு வழக்கு இருந்தது. கேலி செய்யத் தக்க உடை இருந்தது. ஆகவே இவர்கள் கதைகளில் அகப்பட்டார்கள். கதைகளில் மட்டுமா? 1915ஆம் ஆண்டு மே மாத முடிவில் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் முதலில் தாக்கப்பட்டவர்கள் கரையோரச் சோனகரான கடைக்காரர்களும் சிறு வியாபாரிகளுமே. விலைவாசி ஏறியதற்கு ஏஜென்சிக் கம்பனியின் கண்ணாடிக் கதவில் ஒருவரும் கல்லெறியவில்லை. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. உள்நாட்டு யுத்தத்தின்போது, 1862 டிசம்பரில், ஜெனரல் கிராண்ட் தம் படைப்பகுதியிலிருந்து யூதர் அனைவரையும் வெளியேறும்படி கட்டளையிட்டார். பருத்திக் கள்ள வியாபாரத்தில் பல இனத்தவரும் ஈடுபட்டிருக்க, பெட்டி சுமந்த யூதனின் முகமே அவருக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே லிங்கன் அதை இரத்துச் செய்தார். நம் வெள்ளவத்தையிலும் ஒரு சான்று உண்டு. 1933இல் அங்குள்ள நூற்பு நெசவாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். அதுவரை தொழிலாளர் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்கவோ எதிர்ப்பக்கம் சாய்ந்தார். மலையாளத் தொழிலாளியே குற்றவாளி என்னும் பிரசாரம் எழுந்தது. ஆலைச் சொந்தக்காரனுக்கு முகம் இல்லை. மலையாளிக்கு இருந்தது.

இந்த வெளிச்சத்தில் நம் மலையக இலக்கியத்தை நோக்குவோம். புதுமைப்பித்தன் 1935இல் 'துன்பக்கேணி' எழுதியபோது இலங்கையைக் கண்டவர் அல்லர். எனினும் மருதியின் துன்பத்தில் பொய் இல்லை. 1964இல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் நந்தியின் 'மலைக்கொழுந்'தும் வந்தன. 1974இல் தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' வந்தது. இந்நூல்கள் இல்லையேல் கொழும்புத் தமிழரில் பாதிப்பேருக்கு லயம் என்றால் இசைதான் நினைவுக்கு வந்திருக்கும். அவற்றின் பெறுமதியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. இவற்றைப் பின்பற்றி எழுந்த நூற்றுக்கணக்கான சிறுகதைகளைப் பற்றியே என் மனக்குறை. அவற்றில் கங்காணி வருவான், அவன் கொடியவன். கணக்கப்பிள்ளை வருவார்; அவர் பெண்பித்தர். கடன்கொடுத்த கடைக்காரர் வருவார். அவர் கணக்கில் ஒன்றுக்கு இரண்டு எழுதுவார். துரை தொலைவில் குதிரையில் போவார். எல்லாம் உண்மை. 'துண்டு' முறை 1921இல் ஒழியும்வரை கங்காணியின் கடன்சீட்டு மனிதனையே கைமாற்றியது என்பதை யார் மறுக்க முடியும்? ஆனால் கதை மலையின் அடிவாரத்தோடு நின்றுவிடுகின்றது. புகையிரதம் ஏறிக் கோட்டைக்கு வருவதில்லை. பட்டியல் எழுதிய மேசையைப் பார்ப்பதில்லை.

நம் யதார்த்தவாதம் முகம் உள்ளவர்களை மட்டும் பிடித்தது. முகம் இல்லாதது அதன் கையிலிருந்து நழுவிவிட்டது. இதனால் விளையும் கேடு சிறிதன்று. கங்காணியும் கடைக்காரனும்தான் சுரண்டல் என்று நம்ப வாசகனைப் பழக்கிவிட்டோம். கங்காணி பெரும்பாலும் தமிழன், கடைக்காரன் தமிழனோ சோனகனோ. ஆகவே சுரண்டல் என்பது நம்மவர்க்குள் நம்மவர் செய்யும் கொடுமையாகச் சுருங்கிவிட்டது. அல்லது, அதைவிட ஆபத்தாக, வேற்றினத்தான் செய்யும் கொடுமையாக. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று. அந்த ஒவ்வொரு மாற்றத்திலும் மாறியது முகம் இல்லாத பகுதியே. நம் கதைகளில் அது என்றுமே இல்லாதபடியால், மாறியதைப் பதிவுசெய்யவும் நம்மிடம் மொழி இருக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவேன். இலக்கியம் மனிதரைப் பற்றியது. பட்டியலும் எடையும் பொருளியலாரின் வேலை. நாவலாசிரியனைக் கணக்கெழுத்தாளன் ஆக்காதீர்கள் என்பார்கள். இதே மறுப்பைத்தான் மில்லரும் தம் முறையில் சொன்னார்; பெட்டியைத் திறக்காமல் மனிதனைத் திறந்தார். அதற்கு என் விடை, மண்வெட்டியின் எடையே ஒரு மனிதக் கதை என்பது. உடைத்தவன் ஒருவன், உடைந்ததென்று கடிதம் எழுதியவன் ஒருவன், கடிதத்தை வாசித்து உலைக்களத்தில் 'இன்னும் தடிப்பாக' என்று சொன்னவன் ஒருவன், தடித்த அலகை மறுபருவம் தூக்கியவன் முதலாமவனின் மகன். நான்கு மனிதர், ஓர் இரும்பு, இடையில் ஒரு கடல். இதில் கணக்கு எங்கே முடிகின்றது, கதை எங்கே தொடங்குகின்றது?

மற்றொரு பக்கத்து மறுப்பும் உண்டு. அது நம் பழமைவாதிகளிடமிருந்து வருவது. முன்பு ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், தெரிந்த கைக்குத் தெரிந்த கை கருவி செய்தது, அந்நிய இரும்பு வந்து அதைக் கெடுத்தது என்பார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை'யில், மலைநாட்டில் எஞ்சியிருந்த இரும்பு உருக்கும் குடும்பங்களை நேரிற் கண்டு எழுதினார். அந்தப் பதிவு பொன்னானது. சமனலவெவப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகளைப் பற்றி ஜில் ஜுலெப் 1996இல் அறிவித்தபின், இந்நாட்டு இரும்பின் பெருமையில் ஐயமே இல்லை. ஆயினும் ஊர்க்கொல்லனின் முகம் ஊருக்குத் தெரிந்திருந்ததென்றால், அவன் எந்தத் திண்ணையில் உட்காரலாம், எதில் உட்காரக்கூடாது என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த கையின் இனிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தத் திண்ணையையும் சேர்த்துப் பேசட்டும்.

நம்மையும் நாம் விட்டுவிடக்கூடாது. இத்தகைய ஏடுகளை நடத்தியவர்கள் யாவரும் அறிவர், அச்சுக்கூலி கட்டக் கைகொடுத்தவை கொழும்புக் கடைகளின் விளம்பரங்கள். அந்தக் கடைகளில் பல, மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் தோட்டத்து நகரங்களுக்கும் சரக்கு அனுப்பி வளர்ந்தவை. மண்வெட்டி தோளில் ஏந்திய தொழிலாளியின் படத்தை மே தின இதழின் முன்னட்டையில் போட்டோம்; பின்னட்டையைப் புரட்டிப் பார்க்கவில்லை. அந்த விளம்பரங்களை வாங்கியிருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை, ஏடு நின்றிருக்கும். முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் இடையே ஓடிய வழியை உள்ளே எழுதியிருக்கலாம் என்பதே என் குறை. அந்தக் கடைக்காரர்களும் பின்னர் என்ன ஆனார்கள்? 1983 ஜூலையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. மறுபடியும் முகம் உள்ளவனே எரிந்தான்.

மலைநாட்டு மக்களின் நாட்டுப்பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் நூலாக்கினார். வாய்மொழியில் கங்காணிக்கும் துரைக்கும் வசை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பாடல்களை ஒரு புதுக் கண்ணோடு வாசிக்கும்படி மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டுச் சாமான்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கூடை, கத்தி, கம்பளி, மண்வெட்டி, அரிசி என்று ஒவ்வொன்றுக்கும் நேரே அது எந்த ஊரில் உண்டானது, யார் கையால் விலைபோயிற்று, யார் கணக்கில் எழுதப்பட்டது என்று தேடுங்கள். சில சாமான்களுக்கு விடை லயத்திலேயே கிடைக்கும். சிலவற்றுக்குப் பழைய சோனகத் தெரு வரை நடக்க வேண்டும். மண்வெட்டிக்கு வூல்வர்ஹாம்ப்டன் வரை போக வேண்டியிருக்கும். போகிற வழியில் யமேக்காவும் ஹிகானமும் குறுக்கே வரும்.